குவாதலூப்பில் ஒரு பகல்

ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. காலை

இருள் பிரியுமுன் மேல்தளத்திற்கு வந்துவிட்டேன். இடப்புறம் மேகம் மூடிய எரிமலையும் காடுமாக ஒரு தீவு, வலப்புறம் தாழ்ந்து பரந்த கரும்பு நிலமாக மற்றொன்று. வண்ணத்துப்பூச்சி இரு சிறகையும் விரித்தாற்போல் கடலில் கிடக்கும் குவாதலூப்பின் நடுமூட்டில், புவாந்தபீத்ர் துறைமுகத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. மாலை ஐந்தரைக்குள் யாவரும் திரும்பிவிட வேண்டுமென்று ஒலிபெருக்கி அறிவித்தது. உடன் வந்த பிரயாணிகளில் பெரும்பாலோர் வெண்மணற் கரைகளுக்குப் புறப்பட்டார்கள். புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் வாசித்த எனக்கோ, இந்தத் துறையில் இறங்க வேண்டுமென்பது நாற்பது வருஷத்து ஆசை.

கப்பல் மேடையிலிருந்து சிறிது தூரம் நடந்தால், ஊர் நடுவே நுழைந்திருக்கும் சிறிய படகுத்துறை வருகிறது. அதன் கரையில் நெடுநேரம் நின்றேன். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற மக்கள் தங்களை வதைத்த கரும்புத் தோட்டத்தில் மீண்டும் கால்வைக்க மனம் கொள்ளாதிருக்க, முதலாளிகள் கூலிக்கு ஆள்தேடி நம் கடற்கரைக்கு வந்தார்கள். 1854 டிசம்பர் இறுதியில் ‘ஒரேலி’ என்ற பாய்மரக் கப்பல் முதல் கூட்டத்தை இவ்வூரில் இறக்கியது. சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் கடலைத் தவிர வேறொன்றும் காணாமல் வந்தவர்கள் அவர்கள். 1889 வரை அவ்வாறு வந்தவர்கள் சுமார் 42,000 பேர். ஐந்து வருஷ ஒப்பந்தம் என்றுதான் கைநாட்டு வாங்கினார்கள். நோயிலும் உழைப்பிலும் மாண்டவர் அநேகர். ஊர் திரும்பியவர் சிலரே. குளிர்சாதன அறையில் உறங்கி, வேளைக்கு ஐந்து வகைப் பதார்த்தம் உண்டு, அதே கடலைக் கடந்து வந்த எனக்கு, அந்தக் கரையில் நிற்கையில் நெஞ்சு கனத்தது.

முற்பகல்

இரும்புத் தூண்களின்மேல் கூரை வேய்ந்த புனித அந்தோனியார் சந்தை. ஜாதிக்காய், பட்டை, வனிலா என்று குவித்துவைத்திருந்த பெண்கள் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்ததும் என் மனைவி நின்றுவிட்டாள். மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட, சாட்சாத் நம் கைலித் துணி. அதற்கு இங்கே பெயர் ‘மதராஸ்’. பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகப் பொருளாக வந்த துணி, கூலியாக ஆட்கள் வருமுன்னரே இத்தீவுப் பெண்களின் சிரசில் ஏறி, இன்று அவர்களுடைய விசேஷ உடையாகவே ஆகிவிட்டது.

அடுத்த கடையில் மஞ்சள் நிறப் பொடி ஒன்று. கடைக்காரி ஒரு சிட்டிகை எடுத்து என் மனைவியின் உள்ளங்கையில் வைத்தாள். முகர்ந்துவிட்டு, “இங்கே பாருங்களேன், இது நம் வீட்டுக் குழம்புப் பொடியல்லவா!” என்றாள். கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு. இதன் பெயர் ‘கொலொம்போ’. கொழும்பு நகரின் பெயரென்பார் ஒருசாரார். குழம்பு என்ற சொல்லே திரிந்ததென்பார் மற்றொரு சாரார். அடுப்படியில் நாற்பது வருஷம் நின்றவளுக்கு அதில் சந்தேகமில்லை. நூறு கிராம் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிற்பகல்

வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு, இரு தீவுகளையும் பிரிக்கும் உவர்நீர்க் கால்வாயின் பாலத்தைத் தாண்டி, வாழைத் தோட்டங்களின் ஊடே கபெஸ்தேருக்குச் சென்றோம். ஆன்ரி சிதம்பரம் பிறந்த ஊர் இது. இம்மண்ணில் பிறந்த இந்தியர்களுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டென்று 1904-இல் வழக்காடத் தொடங்கி, 1923-இல் அந்த உரிமை கிட்டும்வரை ஓயாத அம்மனிதரின் பெயரைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவார்கள்? அறியாதது நம் குறையே.

ஊருக்கு வெளியே, ஷாஞ்சி என்னுமிடத்தில், சாலையோரத்திலேயே கோவில். பளிச்சென்ற வர்ணங்களும் சுதைச் சிற்பங்களுமாக, தென்னாட்டுச் சிற்றூர்க் கோவில் ஒன்றைப் பெயர்த்துக் கொணர்ந்து வைத்தாற்போல் இருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிறமும் முகவெட்டும் காரைக்கால் பக்கத்து மனிதர்தாம். வாய் திறந்தால் பிரெஞ்சும் கிரியோலும். நான் புதுச்சேரியிலிருந்து வருகிறேனென்றதும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். மாரியம்மன் அவருக்கு ‘மாலியேமேன்’, மதுரைவீரன் ‘மல்தேவிலேன்’. முற்றத்து மரத்திலிருந்து ஒரு கொத்தை ஒடித்து, “வெப்பெலே” என்று சொல்லி என் மனைவியிடம் கொடுத்தார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு உள்ளேயிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அவர் பாட்டனார் பாடக் கேட்டுத் தகப்பனார் ரோமன் எழுத்தில் எழுதிவைத்த அம்மன் பாட்டுகள். பூஜையில் இவற்றைத்தான் பாடுகிறார்கள். பொருள் ஒரு வரிக்கும் தெரியாது. “நாங்கள் அம்மனிடம் என்ன சொல்கிறோம், ஐயா?” என்று அவர் கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டினேன். ர என்பது ல ஆகவும், சில சொற்கள் இரண்டிரண்டாக ஒட்டியும் போயிருந்தன. ஆயினும் கரகமும் பம்பையும் தாயும் பிள்ளையும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டார்கள். அம்மை கண்ட குழந்தையைக் காக்கும்படி ஒரு தாய் அழைக்கும் பாட்டு அது. பிரெஞ்சில் வரிவரியாகப் பொருள் எழுதிக் கொடுத்தேன். பதினோரு வரிகள். அதற்குள் கார்க்காரர் கடிகாரத்தைக் காட்டினார்.

இரவு

கப்பல் ஆறு மணிக்குப் புறப்பட்டது. நோட்டுப் புத்தகத்தில் முப்பது பக்கங்களுக்குமேல் மிச்சமிருக்கின்றன. அவற்றைப் படம்பிடித்துக்கொள்ளப் பெரியவர் சம்மதித்தார். இன்றிரவே இரண்டாம் பக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். தமிழும் பிரெஞ்சும் ஒருங்கே அறிந்தவர்கள் புதுச்சேரியிலும் பாரீஸிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் என்றாவது இத்துறையில் இறங்கினால், மணற்கரைக்குப் போகுமுன் ஷாஞ்சிக்குப் போய், அங்குள்ளவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவர்கள் பாட்டைப் படித்துப் பொருள் சொல்லிவிட்டு வாருங்கள்.