இலை யாருக்குச் சொந்தம்?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகச் சுமார் 60 கி.மீ. போனால், போனக்காடு என்கிற பழைய தேயிலைத் தோட்டத்தோடு சாலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் நடைதான். அட்டைகள் நெளியும் ஈரக்காடு, குறுக்கே ஓடும் ஓடைகள், புல்வெளி, பிறகு மூச்சு வாங்கவைக்கும் ஏற்றம். 1,868 மீட்டர் உயரத்தில் அகஸ்தியர்கூடத்தின் உச்சி. கிழக்கே இறங்கினால் தாமிரபரணியின் பொதிகைச் சாரல். மேற்கே நெய்யாறு, பேப்பாறைக் காடுகள். அகத்தியர் வாழும் மலை என்ற நம்பிக்கையோடு, ஆண்டின் தொடக்க மாதங்களில் கேரள வனத்துறையின் அனுமதி பெற்று மக்கள் ஏறுகிறார்கள்.

அவர்களுக்கு வழிகாட்டுகிறவர்கள் காணிகள். இந்த மலையின் இருபக்கமும் வாழும் பழங்குடியினர். தலைவர் மூட்டுக்காணி, மருத்துவர் பிலாத்தி. எந்த நோய்க்கு எந்தப் பச்சிலை என்பது பிலாத்தியின் நினைவில்தான் இருக்கிறது, ஓலைச்சுவடியில் இல்லை.

1987 டிசம்பரில் தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு குழு இங்கே ஆய்வுக்கு வந்தது. ஏற்றத்தில் விஞ்ஞானிகள் களைத்துப்போனார்கள். கூடவந்த காணி இளைஞர்களுக்கோ களைப்பே தெரியவில்லை. நடந்துகொண்டே சிறிய கறுப்புப் பழங்களை மென்றுகொண்டிருந்தார்கள். விஞ்ஞானிகளும் வாங்கித் தின்றார்கள். உடம்பில் தெம்பு வந்தது. எந்தச் செடி என்று கேட்டபோது சொல்லத் தயங்கினார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத ரகசியம் அது. வற்புறுத்திய பிறகே காட்டினார்கள்: ஓடையோர நிழலில், தரையை ஒட்டி வளரும் ஆரோக்கியப்பச்சை. வள்ளிக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த இதற்குத் தாவரவியல் பெயர் ட்ரைக்கோபஸ் ஸெய்லானிக்கஸ்.

பாலோடு என்ற இடத்தில் 1979-ல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிலையம் இந்தச் செடியை ஆராய்ந்தது. சோர்வைத் தாங்கும் சக்தியையும் நோய் எதிர்ப்புத் திறனையும் கூட்டும் பொருட்கள் இலையிலும் இருப்பது தெரியவந்தது. ஆனால் சோதனைகளில் பெரும்பகுதி எலிகளிடம் நடந்தவை என்பதை மறந்துவிடக்கூடாது. ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. காணிகளின் பச்சிலை, ஆயுர்வேதத்தின் மூலிகைகள், ஆய்வுக்கூடத்தின் பரிசோதனை - மூன்றும் ஒரே டப்பாவில்.

1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மஸிக்கு ஏழு ஆண்டுகளுக்குத் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் பாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிலையம் முடிவு செய்தது. உயிர்வளத்தின் பலனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 1992-ன் ரியோ மாநாட்டில் பேசப்பட்டது நடைமுறைக்கு வந்த முதல் உதாரணங்களில் ஒன்று இது. உலகெங்கும் பாராட்டு கிடைத்தது.

மலையில் நிலைமை அவ்வளவு சுமுகமாக இல்லை. பரம்பரை அறிவை விற்பதா என்று பிலாத்திகள் சிலர் எதிர்த்தார்கள். பணத்தை வாங்க காணிகளுக்கு ஓர் அமைப்பே இல்லை. 1997-ல்தான் அறக்கட்டளை பதிவானது. 1999-ல் 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதன் கணக்கில் சேர்ந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் இலையில் இருந்தது. செடி வளர்வது வனத்துறையின் காட்டில். காணிகள் இலை பறித்து விற்க வனத்துறை அனுமதிக்கவில்லை. அதன் கவலையிலும் நியாயம் இருந்தது. இலையைக் கிள்ளினால் செடி மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்கினால் அதோடு முடிந்தது. செடியின் மதிப்பு பரவியதும் பிடுங்குவதற்கு ஆட்கள் வந்தார்கள். காட்டு நிழலை விட்டு வேறு இடத்தில் நட்டால் மருந்துச் சத்து குறைகிறது என்பதால் சமவெளியில் தோட்டம் போட்டும் சமாளிக்க முடியவில்லை. ஆக, செடியைப் பற்றிய அறிவுக்குப் பங்கு வாங்கிய காணி, அதே செடியின் இலையைப் பறித்தால் குற்றவாளி.

பிறகு வந்த சட்டங்கள் காணிகள் பக்கம் கொஞ்சம் சாய்ந்தன. 2002-ன் உயிரியல் பன்மைச் சட்டம் பலனில் பங்கு தருவதைக் கட்டாயமாக்கியது. 2006-ன் வன உரிமைச் சட்டம் சிறு வன விளைபொருள் மீதும் பரம்பரை அறிவு மீதும் பழங்குடியினரின் உரிமையை ஏற்றது. 2023-ல் வந்த திருத்தமோ, ஏட்டில் பதிவான மருத்துவ அறிவைப் பயன்படுத்தும் இந்தியர்களுக்குப் பங்கு தருவதிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. பிலாத்திகளின் அறிவு ஏட்டில் ஏறாத வாய்மொழி அறிவு. அதனால் அதற்குப் பாதுகாப்பு நீடிக்கிறது. ஆனால் நினைவில் இருப்பதைச் சொல்லிக்கொடுக்க அடுத்த தலைமுறை உட்கார்ந்து கேட்க வேண்டும். பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் மலையிறங்கும் காலத்தில், எந்தச் சட்டமும் அதைச் செய்து தராது.