ஜீன்ஸ் போதும் என்று சொன்னவள்

என்னிடம் நல்ல சைக்கிள் காற்சட்டை ஒன்று இருந்தது. தெரிந்தவர்கள் கண்ணில் படாத நேரம் பார்த்து அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடினேன். அதே காலத்தில், குளிருக்கு என்ன போடுவது என்று கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் "ஜீன்ஸ் காணும், பிள்ளை" என்று சொன்னேன். காணாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்ன பொய். அதை நம்பியவள் கடைசியில் சைக்கிளையே விட்டுவிட்டாள்.

அவள் வன்னியிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் காலை வேலை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்துக்கு, யாரோ கொடுத்த பழைய சைக்கிளில் நேரே போய்விடலாம் என்று கண்டுபிடித்திருந்தாள். செப்டெம்பரில் அவளுக்குப் பிரச்சினை இல்லை. ஒக்டோபர் பாதிக்குப் பிறகுதான் என்னிடம் கேட்டாள். வார இறுதிகளில் சேர்ந்து சைக்கிள் ஓடும் தமிழ்ப் பெண்களில் நான்தான் மூத்தவள். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தாள்.

ரொறன்ரோவின் இலையுதிர்காலக் காலையில் காற்று அசையாமல் நின்றாலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவள் தானே தனக்குக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறாள். 5 டிகிரிக் குளிர் உடம்புக்கு ஏறக்குறைய 1 டிகிரி போலப் படும். முதலில் அடிவாங்குவது முழங்காலும் தொடையின் முன்பக்கமும். ஜீன்ஸ் பருத்தித் துணி; காற்றையும் சரியாகத் தடுக்காது, மழை பட்டால் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், காய மணிக்கணக்கில் எடுக்கும். அந்த நேரமெல்லாம் உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதைவிட மோசம் தையல். ஜீன்ஸில் துணியை மடித்து மடித்துத் தைத்த தடித்த தையல்கள் கவட்டில் ஒரே இடத்தில் வந்து கூடி முடிச்சுப்போல் நிற்கும். சைக்கிள் சீட் அழுத்துவதும் அதே இடத்தைத்தான். ஓட ஓடத் தோல் உரியும். பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை.

நவம்பரில் ஒருநாள் "எனக்குச் சைக்கிள் ஒத்துவரேல்லை அக்கா" என்றாள். உடம்பில் என்ன ஆனது என்று மற்றவர்கள் நகர்ந்த பிறகு மெல்லச் சொன்னாள். அப்போதுகூட நான் வாய் திறக்கவில்லை. "பரவாயில்லை, வசந்தம் வரட்டும்" என்றேன்.

ஏன் மறைத்தேன்? என் காற்சட்டை உடம்போடு ஒட்டிய கறுப்பு லெகிங்ஸ். உள்பக்கம் மென்மயிர்த் துணி, முன்பக்கம் காற்றுப் புகாத துணி, உட்காரும் இடத்தில் வைத்துத் தைத்த மெத்தை. அதைப் போட்டுக்கொண்டு விடியுமுன்னே, மின்கோபுரங்களின் கீழே செல்லும் மெடோவே பாதையில் தனியாக ஓடுவேன். பெண்களோடு ஓடும் நாளில் ஜீன்ஸுக்கு மாறிவிடுவேன். காரணம், ஒரு பிறந்தநாள் வீட்டில் நடந்த பேச்சு. லெகிங்ஸோடு சைக்கிள் ஓடிய நம்மவர் ஒருத்தியைப் பற்றி "உந்த வயதில உதென்ன கோலம்" என்று பேசினார்கள். நான் சிரித்துத் தலையாட்டினேன். "எனக்கும் உது பிடிக்கிறதில்லை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அப்படிச் சொல்லிவிட்ட பிறகு, கேட்டு வந்தவளிடம் லெகிங்ஸ் வாங்கு என்றால், நீங்கள் போடுகிறீர்களா என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஜீன்ஸ் என்றேன்.

நம் பண்பாடு அப்படி என்று பழியை அங்கே தள்ளிவிடலாம். ஆனால் அது உண்மை இல்லை. 1990களின் தொடக்கத்தில், பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் எல்லோரும் சைக்கிளில்தான் திரிந்தோம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் சீருடையோடும், ஆசிரியைகள் சேலையோடும், அம்மாமார் சட்டை பாவாடையோடும் ஓடினார்கள். காற்றில் பாவாடை பறந்தால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் ஹாண்டிலைத் திருப்பினார்கள். வயது வந்த பெண் சைக்கிள் ஓடலாமா என்று என்னை யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. எனக்கு ஊர் தந்தது அந்தத் துணிச்சல். வெட்கத்தை நான் இங்கே வந்து சேர்த்துக்கொண்டேன்.

உண்மையிலேயே தடுக்கப்பட்டவர்களும் உண்டு. இங்கிலாந்தில் லேடி ஹார்பர்டன் என்ற பிரபு வீட்டுப் பெண்மணி 1898ல் சரே பகுதியில் ஒக்கம் என்ற ஊரின் விடுதிக்குச் சைக்கிளில் போனார். பாவாடை அணியாமல் அகன்ற காற்சட்டையோடு வந்தார் என்பதற்காகக் கோப்பி அறையில் உட்கார விடவில்லை. சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டு, 1899ல் தோற்றது. ஊரறிய நின்று தோற்றார்கள் அவர்கள். நூறு வருடத்துக்கும் பிறகு, எந்த வாசலிலும் யாரும் தடுக்காத ஒரு நகரத்தில் நான் விடியுமுன் ஒளிந்து ஓடியிருக்கிறேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

அவளிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன். உடம்போடு ஒட்டியது வேண்டாமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. அலுவலகத்துக்குப் போடுவது போலவே இருக்கும் நேர்வெட்டுக் காற்சட்டைகள், இழுபடும் துணியில், கடுநீலத்திலும் சாம்பலிலும் வருகின்றன. வாங்குமுன் உள்பக்கத்தைப் புரட்டிப் பார். கவட்டில் தையல்கள் ஒன்றுகூடாமல், நடுவே தனியாக ஒரு சாய்சதுரத் துண்டு வைத்திருந்தால் நல்லது. நம் சல்வார்களில் தையற்காரர் வைப்பது போன்ற துண்டுதான். உடுப்பு மாற்றும் அறையில் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் போதாது. குந்தியிரு, முழங்காலை இடுப்பு வரை தூக்கு, பிறகு முன்னால் குனிந்து முதுகுப்பக்கம் கைவைத்துப் பார். இடுப்பு இறங்கித் தோல் தெரிந்தால் அங்கேதான் குளிர் புகும். பின்பக்கம் உயர்ந்த இடுப்பு உள்ளதை எடு. கணுக்கால் ஒடுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வலது காலை ஒரு பட்டியால் கட்டு, செயின் இழுத்துவிடும். கறுப்பு வாங்கினால் இருட்டுக்கு ஒளி திருப்பும் பட்டி அவசியம்.

காசு இல்லையென்றால் இதில் பாதியும் தேவையில்லை. பழைய உடுப்புக் கடையில் இழுபடும் துணியில் தளர்வான காற்சட்டை ஒன்றும், அதற்குள் போட மெரினோ கம்பளியில் மெல்லிய உள்காற்சட்டை ஒன்றும் போதும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டை வைத்திருக்கும். மெத்தை வைத்த லெகிங்ஸ் வாங்கினால் அதற்குள் உள்ளாடை போடக்கூடாது. போட்டால் அதன் ஓரத்தையல் உரசி, மெத்தை வைத்த பலனே போய்விடும். ஒவ்வொரு முறையும் துவைத்தே போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தை வாயால் சொல்ல வெட்கப்பட்டே நம் பெண்கள் எத்தனை பேர் புண்ணோடு ஓடியிருப்பார்கள் என்று யோசிக்கிறேன்.

போன குளிர்காலத்தில் அவளைத் தேடிப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்குத் தெரிஞ்சிருந்ததா அக்கா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். நான் வாங்கித் தருகிறேன் என்றதை மறுத்தாள். சைக்கிளை ஏற்கெனவே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டாளாம். பஸ்ஸில் போகிறாள். என்னைக் கண்டால் பேசுகிறாள், முன்போல் இல்லை.

இப்போது பெண்களோடு ஓடும்போதும் அந்த லெகிங்ஸைத்தான் போடுகிறேன். யார் கேட்டாலும் விலையிலிருந்து உள்ளாடை வரை சொல்கிறேன். ஆனாலும் தமிழ்க் கடைகள் இருக்கும் தெருவுக்குள் திரும்பும்போது என் கை தானாக மேற்சட்டையைக் கீழே இழுத்து விடுகிறது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.