மாற்றுச் சக்கரம்

‘ஸ்டெப்னி’ என்னும் சொல்லை அறியாத வண்டியோட்டி நம் நாட்டில் இரார். தொடக்ககால மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரமின்றியே ஓடின. டயர் பழுதானால் வழியிலேயே கழற்றி ஒட்ட வேண்டும். 1904ஆம் ஆண்டு, வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரின் ஸ்டெப்னி வீதியில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்கத் தலைப்பட்டனர். வீதியின் பெயரே சக்கரத்தின் பெயராயிற்று.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்தது, ஸ்டெப்னி இல்லாத வண்டியோடு ஓரிரவு நடுவழியில் நின்ற பிறகுதான்.

ஜெய்ப்பூரில் வாழும் எங்கள் மகளுக்கு அது தலைப்பிரசவம். தாய்வீட்டில் நடப்பதே நம் வழக்கம். ஆயினும் அவளுடைய பணியும் மருத்துவரும் அங்கேயே இருந்தமையால் இசைந்திருந்தோம். குறித்த நாளுக்குப் பத்து நாள் முன்னரே வலி கண்டுவிட்டதென்று மருமகன் நள்ளிரவில் தெரிவித்தார். உடனே தில்லியிலிருந்து புறப்பட்டோம்.

பெஹ்ரோரைக் கடந்த சிறிது தொலைவில், மாற்றுப்பாதையின் சிமெண்டுக் கட்டை ஒன்றில் முன்சக்கரம் உரசியது. காற்றழுத்தம் குறைவதாக எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வண்டியை இடப்புறம் ஒதுக்கி, நான்கு விளக்குகளையும் மின்னவிட்டு, மனைவியைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் செய்தேன்.

“ஏங்க, ஸ்டெப்னி இருக்குமில்லையா?” என்றாள்.

இல்லை. குழாயில்லா டயரும், காற்றழுத்தங் காட்டும் கருவியும், பஞ்சர் அடைக்கும் பெட்டியும் உள்ள கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமன்று என 2020ஆம் ஆண்டு விதி திருத்தப்பட்டது. வாங்கும்போது இடம் மிச்சமென்று மகிழ்ந்தவன் நானே. பெட்டியில் ஒரு சிறு காற்றுப் பம்பும் ஒரு புட்டித் திரவமும் இருந்தன. தரையில் படியும் பகுதியில் ஆணி குத்திய சிறு துளையை அத்திரவம் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அடைக்காது. எங்கள் டயரோ பக்கவாட்டில் விரல் நீளம் கிழிந்திருந்தது. செலுத்திய திரவமெல்லாம் வெண்ணுரையாய் வெளியே வழிந்தது. ஸ்டெப்னி இல்லாத வண்டியில் ஜாக்கியும் இல்லை, ஸ்பானரும் இல்லை என்பதை அப்போதே உணர்ந்தேன்.

நெடுஞ்சாலை உதவிக்கான 1033 என்ற எண்ணை அழைத்தேன். முக்கால் மணி நேரத்தில் வந்த ரோந்து வண்டியினர், இழுத்துச் செல்லும் வண்டி வரத் தாமதமாகும் என்று கூறி, அருகிலிருந்த தாபாவின் பஞ்சர்க்கடைக்காரரை எழுப்பி வரவழைத்தனர். இருபத்தைந்து வயதிருக்கும் அவ்விளைஞர் மோட்டார் சைக்கிளில் ஜாக்கியுடன் வந்தார். சக்கரத்தைக் கழற்றி, கிழிசலின் உட்புறம் பழைய டயர்த்துண்டு ஒன்றை வைத்து, ஒரு டியூபையும் நுழைத்தார். எங்கள் பம்பு அதற்குக் காற்றடிக்கவாவது பயன்பட்டது.

“இது வெறும் கட்டுத்தான், பாபுஜி, வைத்தியமன்று. நாற்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள். கோட்புத்லியில் புது டயர் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார் இந்தியில். கூலியைக் குறைக்காமல் கேட்டுப் பெற்றார். கூடுதலாக நீட்டியதை வாங்கவில்லை. “போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது” என்று தம் எண்ணை மட்டும் தந்தார்.

கோட்புத்லியில் டயர்க்கடை திறப்பதற்காகக் காத்திருந்தபோது மருமகன் அழைத்தார். பெண் குழந்தை, இருவரும் நலம். என் மனைவி முதலில் கேட்டது, “அவ பக்கத்துல யாருப்பா இருந்தாங்க?” என்பதே. அண்டைவீட்டு மார்வாரி அம்மையார் இரவு முழுதும் மகளின் கையை விடவில்லையாம்.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்த அம்மாவுக்கு நல்லதா ஒரு பட்டுப்புடவை எடுக்கணும்” என்றாள்.

நான் பஞ்சர்க்கடை இளைஞரை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

இப்போது எங்கள் வண்டியில் விலை கொடுத்து வாங்கிய ஸ்டெப்னியும் ஜாக்கியும் ஸ்பானரும் இருக்கின்றன. திரவப் புட்டியின் காலாவதி நாளையும் பார்த்துக்கொள்கிறேன். ஜெய்ப்பூருக்குப் போகும்போது பெட்டிகளைச் சற்று நெருக்கி அடுக்க வேண்டியிருக்கிறது. அண்டைவீட்டு அம்மையாருக்கான முறுக்கு டப்பாவுக்கு மட்டும் எப்படியும் இடம் கிடைத்துவிடுகிறது.