இளைத்தது போதும்

எழுபதாவது வயதில் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தபோது என் எடை 82 கிலோ. உயரம் 165 சென்டிமீட்டர். "65-க்கு வாங்க சார், மாத்திரையைக் குறைச்சிடலாம்" என்றார் டாக்டர். வாழ்நாளெல்லாம் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனிடம் ஒரு எண்ணைக் கொடுத்து உத்தரவும் போட்டால் கேட்க வேண்டுமா? அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். இடது பக்கம் தேதி, வலது பக்கம் எடை.

புதுச்சேரிக்காரன் நடப்பதற்கு இடம் தேட வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள். டூப்ளே சிலையில் ஆரம்பித்து வடக்கு முனை வரை போய்த் திரும்பினால் மூன்று கிலோமீட்டர் ஆகிவிடும். இரவில் சோற்றை நிறுத்தினேன். ஐந்து இட்லி மூன்றானது. பதினாலு மாதத்தில் 65-ஐத் தொட்டேன். சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. டாக்டர் கை குலுக்கினார்.

அங்கே நின்றிருக்க வேண்டும். நான் நிற்கவில்லை. ஒவ்வொரு காலையும் நோட்டில் நேற்றைவிடக் குறைவாக எழுதுவதில் ஒரு ருசி வந்துவிட்டது. 63, 61, 59. "கழுத்தெலும்பு தெரியுதுங்க, போதும்" என்றாள் மனைவி. நோட்டைக் காட்டி அவள் வாயை அடைத்தேன்.

என்னோடு பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் தினமும் காந்தி சிலையருகே உட்கார்ந்திருப்பான். 65-ல் இருந்தபோது என்னைப் பார்த்து "மேன்ஸ்" என்று கட்டை விரலை உயர்த்தினான். ஆறேழு மாதம் கழித்து அதே ஆள், "என்னடா, மேக்ர் ஆயிட்டே" என்றான். இரண்டுக்கும் தமிழில் ஒல்லி என்றுதான் சொல்வோம். ஆனால் பிரெஞ்சில் முதலாவது பாராட்டு. இரண்டாவதை நோயாளிக்கும் பட்டினி கிடந்த மாட்டுக்கும் சொல்வார்கள். எனக்கு அது புரியாமல் இல்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் குளியலறையில் மனைவி வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். எலும்பு எதுவும் முறியவில்லை, ஆனால் தானாக எழ முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். ஒரு அங்குலம் கூட எழவில்லை. இன்னொரு முறை முயன்றபோது என் முழங்கால்கள் நடுங்கி, நானும் அவள் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் எடை 58. அன்று காலை நோட்டில் என் எடை 57. சில வருஷங்களுக்கு முன் அவளுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது, தொப்பையும் மூச்சிரைப்புமாக இருந்த நான்தான் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பேன்.

சுவரைப் பிடித்து எழுந்து, வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். ஒரே தூக்கில் தூக்கி நிறுத்திவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே தாத்தா?" என்று என்னைக் கேட்டான். அந்தக் கேள்விதான் சுட்டது.

மனைவியைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனபோது அங்கிருந்த பெண் என்னையும் உட்காரச் சொன்னாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டுமாம். 12 விநாடிக்குள் முடிய வேண்டும். எனக்கு 17 ஆனது. கெண்டைக்காலை அளந்தாள். ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாதாம். எனக்கு 32.

"சாப்பாட்டைக் குறைச்சு மட்டும் இளைச்சா, கொழுப்போட தசையும் போகும் ஐயா. குறையற எடையில கால் பங்கு கூட தசையா இருக்கலாம். எடை மெஷினுக்கு எது போச்சுன்னு தெரியாது" என்றாள். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனால் இழந்த தசையைத் திருப்பித் தர அது மட்டும் போதாதாம்.

இந்த வயதில் தசை திரும்பி வருமா என்று கேட்டேன். 1990-ல் வெளிவந்த ஒரு ஆய்வைச் சொன்னாள். அமெரிக்காவில், போஸ்டனில், தொண்ணூறு வயது முதியவர்கள் எட்டு வாரம் காலுக்கு எடைப்பயிற்சி செய்ததில், கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கூடியதாம். நான் அவர்களுக்குத் தம்பி அல்லவா!

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். வாரம் மூன்று நாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது. சாப்பாட்டில் கிலோ எடைக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும் என்றார். கணக்குப் பார்த்தால் நான் சாப்பிட்டது அதில் பாதிதான். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. ஆக, காலையில் இரண்டு முட்டை, மாலையில் சுண்டல், மதியம் கெட்டிப் பருப்பு, தயிர். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கொழுத்தவனாக இருந்தபோது கொள்ளு சாப்பிட்டது சரி. எள்ளுக்கு மாற வேண்டிய நாளைத்தான் கோட்டை விட்டேன். டாக்டர் சொன்ன எண் வந்துவிட்டதா, நாற்காலியிலிருந்து எழக் கை ஊன்றுகிறோமா, பாட்டில் மூடி திறக்கச் சிரமமா? இவற்றைப் பார்த்திருந்தால் போதும், நோட்டே தேவைப்பட்டிருக்காது.

எட்டு மாதம் ஆகிறது. எடை 60. கூடியதை எழுதும்போது முதலில் கை கூசியது. இப்போது எடை மாதம் ஒரு முறைதான். ஞாயிறுதோறும் வலது பக்கத்தில் நாற்காலி விநாடிகளை எழுதுகிறேன். போன வாரம் 11.

நேற்று தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி, எழுவதற்காகச் சுவரைத் தேடாமல் என் பக்கம் கையை நீட்டினாள். பிடித்துத் தூக்கினேன். எழுந்துவிட்டாள். "அடுப்புல பால் இருக்கு, பாருங்க" என்றாள்.