தராசு முள்

தொடாமலே வெப்பம் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை லேபில் காலிபரேட் செய்தேன். பிளாக் பாடி உலை 100 டிகிரி, கருவியும் 100. 'கருவி சரி' என்று ரெக்கார்டில் எழுதிவிட்டேன்.

சார் ஒன்றும் பேசாமல் நடுவே ஓர் அட்டையைப் பிடித்தார். 30 காட்டியது. அட்டையைச் சட்டென்று எடுத்தார். எண் மெல்ல ஏறித்தான் 100-க்கு வந்தது. ஒரு கால மாறிலி முடியும்போது 63.2 சதவீத தூரம்தான் ஏறும். அதாவது சுமார் 74 டிகிரி. அதற்குள் பொருள் ஆறிவிட்டால்? கருவி 100-ஐக் காட்டவே காட்டாது.

காய்கறி விற்கும் என் அம்மா, "முள்ளு நிக்கட்டும்டா, அப்புறம் எடையைச் சொல்லு" என்பார். ஓடுகிற வெப்பத்தில் முள் நிற்காது. ஆகவே கருவியின் தாமதத்தையும் அளந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டின் முதல் ரெக்கார்டு நோட்டு அது. அடித்து எழுத மனசு வரவில்லை. ஆனாலும் அடித்தேன்.