ஃபாஸ் நகரின் பழைய பென்ஸ் வண்டிகள்

ஒரு நாட்டின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் கோட்டைகளையும் அரண்மனைகளையும் மட்டும் பார்த்தால் போதாது. அந்நாட்டு மக்கள் அன்றாடம் ஏறி இறங்கும் வண்டியையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அம்பாசிடர் கார் அமைச்சர்களையும் சுமந்தது. நிக்காஹ் வீட்டாரையும் சுமந்தது. 2014ஆம் ஆண்டில் அதன் உற்பத்தி நின்றது. அதுபோன்றதோர் இடத்தை மொராக்கோ நாட்டில் பெற்றிருந்தது, ஜெர்மனியில் தயாரான மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி என்னும் டீசல் கார்.

2015ஆம் ஆண்டு கோடையில், அரபு மொழிப் பயிற்சி ஒன்றின் பொருட்டு ஆறு வாரங்கள் அந்நாட்டில் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. தங்கிய ஊர், ஐரோப்பியர் 'ஃபெஸ்' என்றும் அரபியர் 'ஃபாஸ்' என்றும் அழைக்கும் தொன்மையான நகரம். கி.பி. 859இல் ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி என்னும் பெருமாட்டி நிறுவியதாக வரலாறு போற்றும் கரவிய்யீன் பள்ளிவாசலும் கல்விக்கூடமும் அமைந்த ஊர் அது. பழைய நகரத்தின் சந்துகளில் கார் நுழைய இயலாது. கழுதைகளும் கோவேறு கழுதைகளுமே தோல் மூட்டைகளையும் எரிவாயு உருளைகளையும் சுமந்து செல்கின்றன. 'பாலக்! பாலக்!' என்ற குரல் பின்னால் கேட்டால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். 1981ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இப்பழைய நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மதில் வாயிலைக் கடந்து வெளியே வந்தால் காட்சி மாறிவிடும். அங்கே வரிசையாக நின்றிருந்தன, 'பெரிய டாக்சி' என்று மக்கள் அழைக்கும் பழைய பென்ஸ் வண்டிகள். ஊருக்குள் மட்டும் ஓடும் சிறிய டாக்சிகள் வேறு. ஊர்விட்டு ஊர் செல்லும் இவ்வண்டிகள் வேறு. நம்மூர் ஷேர் ஆட்டோவைப் போல ஆட்கள் நிரம்பிய பின்னரே புறப்படும். ஓட்டுநரின் பக்கத்தில் இருவர், பின்னிருக்கையில் நால்வர் என ஆறு பேர் அமர வேண்டியிருந்தது. அவசரக்காரர் காலியிடத்திற்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டால் உடனே புறப்படலாம். தனியே பயணம் செய்யும் பெண்கள் சிலர் முன்னிருக்கையின் இரண்டு இடங்களுக்கும் பணம் செலுத்தி, ஒருவரும் நெருக்காதவாறு அமர்ந்து செல்வதைக் கண்டேன்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் மிக்னாஸ் நகருக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம். ஓட்டுநர் சாவியைப் பாதி திருப்பிச் சில விநாடிகள் காத்திருந்தார். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைக் கடுமையாக அழுத்தி அதனால் எழும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. குளிர்ந்திருக்கும் எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் சற்றே சூடேற்றித் தர வேண்டும். பிறகு 'பிஸ்மில்லாஹ்' என்று கூறிச் சாவியை முழுவதும் திருப்பினார். கடகடவென்ற ஓசையுடன் வண்டி உயிர்பெற்றது. ஸாயிஸ் சமவெளியின் கோதுமை வயல்களும் ஒலிவ மரங்களும் இருபுறமும் மெல்ல நகர்ந்தன.

அவர்களுடைய பேச்சு வழக்கு, நாம் கிதாபுகளில் ஓதும் அரபியிலிருந்து வெகுதூரம் விலகியது. ஆயினும் 'உஸ்தாத்' என்று மரியாதையாக விளித்து, எனக்காகச் சொற்களை நிறுத்தி நிறுத்திப் பேசினார் ஓட்டுநர். எந்த ஊர் என்று வினவினார். இந்தியாவின் தென்கோடி என்றேன். அருகிலிருந்த முதியவர் முகம் மலர்ந்து, "மஅபரா?" என்று கேட்டார். தான்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, நம் மதுரை சுல்தான்களின் நாட்டிற்கு வந்து தங்கிய வரலாற்றை அவர் படித்திருக்கிறார். தமிழகக் கடற்கரைக்கு அரபியர் இட்ட பெயர் மஅபர். 'கடந்து செல்லும் இடம்' என்பது அதன் பொருள்.

அவ்வண்டியின் வரலாறும் ஒரு கடந்து வந்த வரலாறுதான். பென்ஸ் நிறுவனம் 1936ஆம் ஆண்டிலேயே 260 டி என்னும் டீசல் பயணிகள் காரை வெளியிட்டது. ஃபாஸ் நகரில் நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை 1976ஆம் ஆண்டு அறிமுகமான வகையைச் சார்ந்தவை. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் இவ்வகையில் தயாராயின. 240 டி வண்டியின் 4 சிலிண்டர் எஞ்சினுக்கு முதலில் 65 குதிரைத்திறன். 1978க்குப் பின் 72. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 20 விநாடிகளுக்கு மேல் ஆகும். வேகம் குறைவு, ஆயுளோ நெடிது. இதற்கு முந்தைய வகையைச் சேர்ந்த 240 டி ஒன்றை, கிரீஸ் நாட்டு டாக்சி ஓட்டுநர் ஒருவர் எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பூட்டி 46 இலட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004ஆம் ஆண்டு அது நிறுவனத்தின் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. எண்ணெய் செலுத்தும் பம்பு முற்றிலும் இயந்திர அமைப்பு. மின்னணுக் கருவி எதுவும் இல்லை. ஆகவேதான் சாலையோர மெக்கானிக்கும் கை வைக்க முடிந்தது.

ஜெர்மன் வண்டி ஆப்பிரிக்கக் கரைக்கு இத்தனை பெருந்தொகையாக எவ்வாறு வந்தது? 1963ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியும் மொராக்கோவும் தொழிலாளர் ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டன. மொராக்கோ இளைஞர்கள் ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைக்கச் சென்றனர். கோடை விடுமுறையில் பழைய கார் ஒன்றை வாங்கி, பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்து, கப்பலேற்றித் தாயகம் கொணர்ந்தவர் பலர். நம் பக்கத்துச் சபுராளிகள் பெட்டியில் அத்தரும் துணிமணிகளும் கொண்டுவந்ததைப் போல, அவர்கள் காரையே கொண்டுவந்தார்கள்.

நான் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளரும் அவ்வாறு வந்தவரே. எழுபது வயதைக் கடந்த அப்பெரியவரை அனைவரும் 'அல்ஹாஜ்' என்றே அழைத்தனர். அவருடைய கொட்டகையில் நின்றது 300 டி. 5 சிலிண்டர் எஞ்சின், தானியங்கி கியர். ஜெர்மனியில் மேலதிகாரிகள் வைத்திருந்த தரத்து வண்டி. 1989ஆம் ஆண்டு கைமாறிய வண்டியாக வாங்கியதாம். "சுரங்கத்தில் இடது முழங்காலை இழந்தேன். கிளட்ச் மிதிக்க இயலாது. அதிகாரிகளின் சொகுசுக்காகச் செய்த வண்டி எனக்குக் காலாக அமைந்தது" என்றார்.

தானியங்கி கியரின் வேலையை அவரே விளக்கினார். எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றைச் சுழற்றினால், காற்றின் விசையால் மற்றொன்றும் சுழலும். அவ்வாறே எண்ணெய் நிறைந்த கூட்டினுள் எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, எண்ணெயின் விசை மற்றொரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. இரும்போடு இரும்பு பிணையாததால், வண்டி நிற்கும்போதும் எஞ்சின் அணையாது. வேகத்திற்கேற்ப நான்கு கியர்களும் தாமே மாறும்.

அப்படியாயின் டாக்சிகளில் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றுபவையாக இருப்பது ஏன்? பக்கத்து வீட்டு டாக்சி ஓட்டுநர் விடை கூறினார்: "எண்ணெயில் சுழலும்போது கொஞ்சம் சக்தி வீணாகிறது, டீசல் கூடுதலாகச் செலவாகும். பேட்டரி தளர்ந்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. கியர் வண்டியைச் சரிவில் நிறுத்திவிட்டால் காலையில் அல்லாஹ்வின் உதவியால் தானே புறப்பட்டுவிடும்."

அந்த ஓட்டுநருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். 240 டி அவருடைய தந்தையின் வண்டி. ஆனால் அதை ஓட்டுவதற்கான டாக்சி உரிமம் அவருடையதன்று. அந்நாட்டில் உரிமம் தனிநபர்களுக்கு அரசு வழங்கும் ஒரு சலுகை. பெற்றவர் வண்டி ஓட்ட வேண்டியதில்லை. ஓட்டுபவருக்கு வாடகைக்கு விடலாம். உரிம வாடகையும் டீசல் செலவும் போக எஞ்சியதே வீட்டிற்கு.

அவ்வாண்டு அவர் முன் ஒரு கேள்வி நின்றது. பழைய வண்டியை உடைப்பிற்கு ஒப்படைத்துப் புதியது வாங்குவோருக்கு 80,000 திர்ஹம் உதவித்தொகை தரும் திட்டத்தை அரசு நடைமுறைப்படுத்தியிருந்தது. தான்ஜா நகரில் தயாரான டாசியா லாட்ஜி என்னும் ஏழு இருக்கை வண்டியையே பலரும் தேர்ந்தனர். உதவித்தொகை புதிய வண்டியின் முழு விலைக்குப் போதாது, மீதிக்குக் கடன். வட்டியைப் பற்றிய உறுத்தல் ஒருபுறம். புதிய வண்டியைக் கண்டதும் உரிமக்காரர் வாடகையை உயர்த்திவிடுவாரோ என்ற அச்சம் மறுபுறம்.

பழைய வண்டியைப் போற்றுவது பயணிக்கு எளிது. ஆனால் அவருடைய மனைவி வாசலில் நின்று கூறிய சொற்களுக்கு எவரிடமும் மறுமொழி இல்லை: "இருபது ஆண்டுகளாக அந்தப் புகையை இவர் சுவாசிக்கிறார். வண்டிக்கு ஆயுள் கெட்டி; இவருக்கு?" டீசல் புகை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ஆம் ஆண்டு வகைப்படுத்தியுள்ளது. பின்னிருக்கையில் நால்வர் நெருங்கி அமரும் வண்டியில் விபத்து நேர்ந்தால் என்னாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரவுணவுக்குப் பின் நடந்த பேச்சில் அல்ஹாஜ் ஒரு வழி கூறினார். "என்னிடம் சேமிப்பு இருக்கிறது. வட்டியின்றித் தருகிறேன். மாதந்தோறும் திருப்பிக் கொடு. ஆனால் உரிமக்காரரிடம் வாடகையை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு வா." எழுதி வாங்கும் அந்த ஒரு நிபந்தனைக்காக ஓட்டுநர் மூன்று வாரம் அலைந்தார். நான் ஊர் திரும்பும்வரை முடிவாகவில்லை.

2017ஆம் ஆண்டு அல்ஹாஜின் மகன் செய்தி அனுப்பினார். எழுத்து வந்தது, 240 டி உடைப்பிற்குச் சென்றது, ஓட்டுநர் புதிய வண்டி ஓட்டுகிறார். பயணிகள் ஆறு பேருக்கும் தனித்தனி இருக்கை இருக்கிறது. அவருடைய தவணை ஒரு மாதமும் தவறவில்லை. உடைப்பிற்குப் போகுமுன் தந்தையின் கைபட்டுத் தேய்ந்த கியர்ப் பிடியை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டாராம்.

வெளிநாட்டு உழைப்பின் பயன் ஊருக்கு வந்து சேரும் வழிகள் பல. பிறர் வியக்க வாசலில் நிற்கும் காரும் அவற்றுள் ஒன்று. ஆனால் ஃபாஸ் நகரத்துச் சபுராளி ஒருவர் கொணர்ந்தவற்றுள் மிகுதியாக ஓடியது அவருடைய பென்ஸ் அன்று. அண்டை வீட்டாரின் பிழைப்புக்கு அவர் கொடுத்த அழகிய கடனே. நம் ஊர்களிலும் சேமிப்பு வைத்திருப்போர் இருக்கிறார்கள். வட்டிக்கு அஞ்சி வாசலில் நிற்கும் ஓட்டுநர்களும் இருக்கிறார்கள்.