பாலிக் பூலாவில் ஓர் அடைக்கோழி

காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு விடுமுறை நாளிலும் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். அது தெரிந்துதான் பெரியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"சனிக்கிழமை வந்துடும்மா. ராத்திரி குஞ்சு வைக்கணும். விடியறதுக்கு முன்ன கூண்டுகிட்ட ஒரு ஆள் உட்காரணும். உங்க அண்ணன எழுப்ப என்னால முடியாது."

ஜார்ஜ்டவுனிலிருந்து பாலிக் பூலாவுக்குப் போக, பாயா தெருபோங் பக்கம் ஏறும் துன் சார்டன் சாலைதான் எனக்குப் பிடிக்கும். வளைந்து வளைந்து ஏறி, மலையைத் தாண்டி இறங்கினால் டுரியான் தோப்பும் ஜாதிக்காய் மரமும் வந்துவிடும். ஊர்ப் பெயருக்கே 'தீவின் பின்பக்கம்' என்றுதான் பொருள். கொம்தாரிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் சேவல் சத்தத்தில் விழித்து எழும் பினாங்கு இந்தப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது.

பெரியம்மா வளர்ப்பது கம்பத்துக் கோழிகள். வீட்டுச் செலவில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வருகிறது. அவருக்குப் பெரிய எதிரி பியாவாக், அதாவது நம் உடும்பு. அடையில் கிடக்கும் கோழியை விரட்டிவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கிவிட்டுப் போகும். இதற்காகத்தான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் அண்ணன் ஓர் இன்குபேட்டர் வாங்கி வந்தார். உள்ளே 37.5 டிகிரி சூடு, கொஞ்சம் ஈரம், முட்டையைப் புரட்டிவிட ஒரு மோட்டார். 21-ஆம் நாள் குஞ்சு பொரிந்துவிடும். கோழி செய்யும் அதே கணக்கு.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. முதல் தடவை பொரிந்த பத்தொன்பது குஞ்சுகளையும் அட்டைப் பெட்டியில் போட்டு மேலே பல்பைத் தொங்கவிட்டார்கள். பொரிந்த முதல் வாரம் குஞ்சுக்கு ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேண்டும். பகலில் பினாங்கு வெயிலே பாதி வேலையைப் பார்த்துவிடும். ஆனால் ஒரு மழை இரவில் மின்சாரம் போய்விட்டது. குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒண்டிக்கொண்டன. விடிந்து பார்த்தால் அடியில் சிக்கிய பதின்மூன்று செத்துக் கிடந்தன. பெரியம்மா இரண்டு நாள் அண்ணனோடு பேசவில்லை.

இந்தத் தடவை யோசனை பெரியம்மாவுடையது. முட்டை பொரிப்பதை இயந்திரம் பார்க்கட்டும், வளர்ப்பதைக் கோழி பார்க்கட்டும். செம்பட்டைக் கோழி ஒன்று பதினாறு நாளாக அடையில் கிடந்தது. அதன் அடியில் இருந்தவை கடையில் வாங்கிய மூன்று முட்டைகள். கலந்துவிடாமல் இருக்கக் கரியால் கோடு போட்டிருந்தார். அவை பொரியப்போவதில்லை. ஆனால் கோழிக்கு அந்த விஷயம் தெரியாதே!

நன்றாக அடையில் ஊறிய கோழிதான் வேண்டுமாம். நேற்று உட்கார்ந்த கோழியிடம் குஞ்சை வைத்தால் கொத்திவிடும். குஞ்சுக்கும் வயது முக்கியம். பொரிந்து ஓரிரு நாளுக்குள் வைத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவே இரண்டு நாளுக்குத் தாங்கும் என்பதால் தீனிக்கு அவசரமில்லை. நாள் கடந்துவிட்டால், முதலில் பார்த்த எதையோ தாயென்று நினைத்து அதன் பின்னால் போகத் தொடங்கிவிடும். வாத்துக் குஞ்சுகள் மனிதரைத் தாயாக நம்பிப் பின்தொடர்வதை ஆராய்ந்த கான்ராட் லோரென்ஸுக்கு 1973-இல் நோபல் பரிசே கிடைத்தது. பெரியம்மாவுக்கு லோரென்ஸைத் தெரியாது, விஷயம் தெரியும்.

இரவு பத்து மணி. டார்ச்சுக்கு மேல் சிவப்புத் துணி கட்டியிருந்தோம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பெரியம்மா பின்பக்கமாகக் கையை நுழைத்து ஒரு முட்டையை எடுத்தார். அதே கையால் ஒரு குஞ்சை உள்ளே விட்டார். கோழி உறுமியது. அடைக்கோழி உறுமும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். பிறகு இன்னொன்று, இன்னொன்று. மொத்தம் பதினொன்று. அதில் ஒன்று மட்டும் கறுப்பு.

"தொட்டுப் பாரு" என்றார். சிறகுக்கு அடியில் விரலை வைத்தேன். அடைக் காலத்தில் நெஞ்சில் இறகு உதிர்ந்து வெறும் தோலாகிவிடுமாம். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல் சுட்டது.

நாலே முக்காலுக்குக் கூண்டு முன்னால் உட்கார்ந்தேன். கோழி ஏற்றுக்கொள்கிறதா, கொத்துகிறதா என்பது வெளிச்சம் வரும்போதுதான் தெரியும். கொசுக்கடிக்கு நடுவே நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சத்தத்தை. முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு தாயின் குரலைக் கேட்கும், உள்ளிருந்தே பதிலும் சொல்லும். இந்தப் பதினொன்றும் பொரியும்வரை கேட்டது மின்விசிறியின் ரீங்காரம் மட்டுமே. குரலை வைத்துப் பிழைப்பவள் நான். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

கிழக்கு வெளுத்தபோது சிறகுக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. கோழி கழுத்தைத் திருப்பி அதையே பார்த்தது. நான் மூச்சுவிடவில்லை. பிறகு வந்தது அந்தச் சத்தம்: தாழ்ந்த குரலில், இடைவெளி விட்டு, கொக்... கொக்... கொக். அதற்கு முன் அந்தக் கோழி அப்படிக் குரல் கொடுத்து நான் கேட்டதில்லை. கையிலிருந்த ரெக்கார்டரை அமுக்கவும் மறந்துவிட்டேன். பெரியம்மா நொய்யரிசியைத் தூவினார். கோழி ஒரு மணியை எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து, குஞ்சுகளைக் கூப்பிட்டது. தீனி எதுவென்று தெரியாத குஞ்சுகள் அதன் அலகையே பார்த்துக் கொத்தின.

கறுப்புக் குஞ்சு கடைசியாக வெளியே வந்தது. கோழி ஒரே கொத்தாகக் கொத்தியது. மண்டையில் ரத்தம். நான் கையை நுழைத்து எடுப்பதற்குள் எனக்கும் ஒன்று விழுந்தது. நிறம் வேறாக இருந்தால் சில கோழிகள் சேர்க்காதாம். அன்று இரவு மறுபடி வைத்துப் பார்ப்பதாகப் பெரியம்மா சொன்னார். திங்கட்கிழமை நிகழ்ச்சி இருந்ததால் நான் மலையேறித் திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது வினாடி, பேச்சே இல்லை. கோழியும் குஞ்சுகளும் மட்டும். உடனே கூப்பிட்டேன்.

"கறுப்பு சேர்ந்துட்டா பெரியம்மா?"

"எங்கம்மா! ரெண்டு ராத்திரி வச்சுப் பார்த்தேன், விரட்டுது. அடுப்படியில பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். வெளிய விட்டா என் கால விட்டு நகர மாட்டேங்குது. மிதிச்சிருவேனோன்னு செருப்புப் போடாம நடக்கிறேன்."